தானாக மூடும் வேலிக்கதவைத் திறந்து நிறுத்தும் கருவிகள்

தானாக மூடும் வேலிக்கதவு என்பது, திறந்தவர் கையை எடுத்ததும் ஸ்பிரிங்கின் விசையாலோ தன் எடையாலோ திரும்பி வந்து மூடிக்கொள்ளும் கதவு ஆகும். வண்டி நுழையவும் சுமை இறக்கவும் ஆடுமாடுகளை ஓட்டவும் அக்கதவைச் சிறிது நேரம் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பயன்படும் கொக்கி, சங்கிலி, தரைத் தாழ்ப்பாள், காந்தப் பிடி, கால் ஸ்டாப்பர் போன்றவை திறந்து நிறுத்தும் கருவிகள் எனப்படும். இக்கட்டுரையில் இவை சுருக்கமாக 'நிறுத்தி' என்று குறிக்கப்படுகின்றன.

நிறுத்தி சிறிய பொருள்தான். ஆனால் அது பொருத்தப்படும் கதவு எதற்காகத் தானாக மூடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சில கதவுகளில் நிறுத்தி வசதியானது. வேறு சிலவற்றில் அதைப் பொருத்தவே கூடாது. இவ்வேறுபாட்டையும், நிறுத்திகளின் வகைகள், அவை வேலை செய்யும் முறை, பொருத்தும் முறை ஆகியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கதவு தானாக மூட வேண்டிய தேவை

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஊரணி இல்லாத ஊரைக் காண்பது அரிது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எனச் செட்டிநாட்டு ஊர்கள் பலவற்றில் மழைநீரைத் தேக்கிவைக்கும் ஊரணிகள் உள்ளன. குடிநீருக்கென ஒதுக்கிய ஊரணியில் ஆடுமாடுகள் இறங்காமலும் யாரும் குளிக்காமலும் இருக்கச் சுவரோ கம்பிவேலியோ போட்டு, ஒரு கதவு வைப்பது வழக்கம். ஊரணியைத் தூர்வாரிச் சீரமைக்கும்போது வேலி அமைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியாகவே செய்யப்படுகிறது.

அந்தக் கதவின் வழியே வருபவரை நினைத்துப் பார்க்கலாம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். உள்ளே போகும்போது குடங்கள் காலி. கதவைத் திறப்பதில் சிரமமில்லை. திரும்பும்போது இரண்டு கைகளும் நிறைந்திருக்கும். அவர் நின்று, குடத்தை இறக்கி வைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. பத்துப் பேரில் ஒன்பது பேர் கவனமாக மூடினாலும், பத்தாமவர் விட்ட கதவின் வழியே மாடு நுழைந்துவிடும், குழந்தையும் நுழையலாம்.

தானாக மூடும் கதவு இந்த மறதிக்காகவே செய்யப்பட்டது. மனிதர் மறந்தாலும் கதவு மறப்பதில்லை. நிறுத்தியைப் பொருத்தும்போது அந்த மறதிக்கு நாம் மீண்டும் இடம் கொடுக்கிறோம். ஆகவே எந்த நிறுத்தியைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இதை எடுத்துவிட மறந்தால் என்ன ஆகும்?'

கதவு தானாக மூடும் முறைகள்

நிறுத்தியைப் புரிந்துகொள்ள, கதவை மூட வைக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பிரிங் கீல்: கீலுக்குள் முறுக்கிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். கதவைத் திறக்கும்போது அது மேலும் முறுக்கேறும்; விட்டதும் முறுக்கு அவிழ்ந்து கதவை மூடும். கதவைத் திறக்கத் திறக்க மூடும் விசையும் கூடிக்கொண்டே போகும்.

எடையால் மூடும் கீல்: கீலின் அச்சைச் சற்றுச் சாய்த்தோ, கீலின் இரு பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடத்தைச் சரிவாக வெட்டியோ அமைத்தால், கதவு திறக்கும்போது சிறிது மேலே எழும்பும். விட்டதும் கீழே இறங்க முயன்று மூடிக்கொள்ளும். 20 கிலோ எடையுள்ள கதவு 2 சென்டிமீட்டர் எழும்பினால் ஏறத்தாழ 4 ஜூல் ஆற்றல் அதில் சேமிக்கப்படுகிறது. மூடுவதற்கு அதுவே போதுமானது. இதற்கு ஸ்பிரிங் தேவையில்லாததால் பழுதும் குறைவு.

பழைய வீடுகளிலும் இதைக் காணலாம். நம் பழைய மரக்கதவுகளில் பல கீலில் அல்லாமல், மேலும் கீழும் உள்ள குடுமிகளில் சுழல்பவை. குடுமி தேய்ந்தோ நிலை சாய்ந்தோ போனால் கதவு தானாகவே ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். வீட்டில் அது குறை. வேலிக்கதவில் அதே சாய்வை வேண்டுமென்றே கொடுத்தால் அது பயன்.

தொங்கும் எடை: கதவையும் ஒரு தூணையும் சங்கிலியால் இணைத்து, சங்கிலியின் நடுவில் ஒரு கனமான பொருளைத் தொங்கவிடுவார்கள். கதவைத் திறந்தால் எடை மேலேறும். விட்டால் எடை இறங்கிக் கதவை இழுக்கும். அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் பழைய பாணித் தோட்டக் கதவுகளில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்ட இவ்வமைப்பை இன்றும் காணலாம்.

எண்ணெய் அழுத்த மூடி: கடைகளில் 'டோர் குளோசர்' என்று கேட்டால் கிடைப்பது. உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். ஸ்பிரிங் கதவை மூடும். எண்ணெய் சிறு துளை வழியே மெதுவாகச் செல்வதால் கதவு அடித்து மூடாமல் நிதானமாக மூடும். வெளியில் பொருத்துவதற்கு மழையையும் வெயிலையும் தாங்கும் வகையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறுத்திகளின் வகைகள்

1. கொக்கியும் வளையமும்

மிக எளிய, மிகப் பழைய முறை. தூணிலோ சுவரிலோ ஒரு கொக்கி. கதவில் ஒரு வளையம். கதவை முழுவதும் திறந்து கொக்கியை வளையத்தில் மாட்டினால் போதும். செட்டிநாட்டு வீடுகளில் கதவும் சன்னலும் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க இத்தகைய கொக்கிகள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த கதவு, நிலை, தூண்களோடு கொண்டி, நாதாங்கி, தாழ்ப்பாள் போன்ற இரும்பு, பித்தளைச் சாமான்களும் விற்பனைக்கு வருகின்றன.

விலை குறைவு, பழுது குறைவு என்பவை இதன் நன்மைகள். மறந்தால் கதவு திறந்தே கிடக்கும் என்பது குறை.

2. சங்கிலி

கொக்கிக்கு மாற்று. கதவு எட்டும் இடத்தில் சுவர் இல்லாதபோது பயன்படும். சங்கிலி தளர்ந்து தொங்கும் அளவுக்குக் கதவு ஆடும். காற்று வீசும்போது வெடுக்கென்று இழுபடும். எனவே நீளத்தைச் சரியாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

3. தரைத் தாழ்ப்பாள்

கதவின் அடிப்பகுதியில் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பி. அதைக் கீழே இறக்கினால் தரையில் பதித்த குழாய்க்குள் இறங்கும். இரட்டைக் கதவுகளில் ஒரு கதவை நிலையாக வைப்பதற்கும் இதுவே பயன்படுகிறது. பலமானது, கனமான கதவையும் பிடிக்கும். ஆனால் தரைக்குழாயில் மண்ணும் சரளையும் நிரம்பிவிடும். குழாயின் அடியைத் திறந்து விட்டு, கீழே சிறிது ஜல்லி போட்டுப் பதித்தால் மழைநீர் வடிந்துவிடும்.

4. தூண் பிடி

பண்ணைகளுக்கு ஏற்றது. கதவு முழுவதும் திறந்து வந்து சேரும் இடத்தில் குட்டையான ஒரு தூண் நடப்படும். அதன் தலையில், ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் சரிவான நாக்காகவும் உள்ள நெம்புகோல் இருக்கும். கதவின் அடிச்சட்டம் வந்து மோதியதும் நாக்கு தாழ்ந்து வழிவிட்டு, பிறகு எழும்பிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்க, நாக்கைக் காலால் அழுத்தினால் போதும். குனிய வேண்டியதில்லை, கையில் கயிறோ கூடையோ இருந்தாலும் பயன்படுத்தலாம்.

5. கால் ஸ்டாப்பர்

கதவின் கீழ்ப்பகுதியில் பொருத்தி, காலால் தட்டி இறக்கும் ரப்பர் முனைக் கருவி. சிமெண்டுத் தரையில் நன்றாகப் பிடிக்கும். மண் தரையிலும் சரளையிலும் வழுக்கிக்கொண்டே போகும். ஆகவே வேலிக்கதவுக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது.

6. நிலைக்காந்தப் பிடி

ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் இரும்புத் தகடு. கதவு வந்து தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். சற்று அழுத்தி இழுத்தால் விடுபடும். மாட்டவோ கழற்றவோ எதுவும் இல்லை. கதவின் மூடும் விசை காந்தத்தின் பிடியைவிடக் குறைவாக இருந்தால்தான் இது நிற்கும். இரும்புத்தூள் கலந்த மண் ஒட்டிக்கொண்டால் பிடி தளரும். அவ்வப்போது துடைக்க வேண்டும்.

7. கீலிலேயே அமைந்த நிறுத்தம்

எடையால் மூடும் கீல்கள் சிலவற்றில், 90 பாகையில் ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். கதவு அங்கு வந்ததும் பள்ளத்தில் அமர்ந்து நின்றுவிடும். தள்ளினால் பள்ளத்தைவிட்டு வெளியேறி மீண்டும் மூடத் தொடங்கும். டோர் குளோசர்களிலும் இத்தகைய நிறுத்தம் கொண்ட வகை உண்டு. வாங்கும்போதே நிறுத்தம் உள்ளதா, இல்லாததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

8. தாமதித்து மூடும் மூடி

இதுவும் டோர் குளோசர்தான். முழுவதும் திறந்த கதவு உடனே மூடாமல், எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் சிறிது நேரம் காத்திருந்து பிறகு மூடும். குடத்தோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், மூட்டை தூக்குபவர் ஆகியோர் கடந்து செல்ல அந்த நேரம் போதும். எடுத்துவிட மறக்கும் பேச்சே இதில் இல்லை.

9. மின்காந்தப் பிடி

மின்சாரம் ஓடும்வரை காந்தம் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் பிடி விட்டு, கதவு மூடிக்கொள்ளும். மருத்துவமனை, விடுதி போன்ற பெரிய கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவுகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். தீ எச்சரிக்கை மணியோடு இணைத்திருப்பதால், மணி ஒலித்ததும் மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் கதவு மூடி, புகையும் தீயும் பரவுவதைத் தடுக்கும்.

10. கல், கயிறு, கட்டை

கடையில் வாங்காத, எங்கும் காணப்படும் நிறுத்தி. கதவுக்கு முன் ஒரு செங்கல். கம்பியில் ஒரு கயிறு. அல்லது கீல் இடுக்கில் ஒரு கட்டை. இவற்றில் கீல் இடுக்கில் செருகுவது மிகவும் கெடுதலானது. அதன் காரணத்தை அடுத்த பகுதியில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மறந்தால் என்ன ஆகும்?

மேற்கண்ட பத்தையும் முதலில் கேட்ட கேள்வியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

மறந்தால் திறந்தே கிடப்பவை: கொக்கி, சங்கிலி, தரைத் தாழ்ப்பாள், தூண் பிடி, கால் ஸ்டாப்பர், கீல் நிறுத்தம், கல்.

மறந்தாலும் சிறு தள்ளலில் மூடக்கூடியவை: நிலைக்காந்தப் பிடி. பலமான காற்றோ, கடந்து செல்பவரின் தோளோ பட்டால் விடுபடலாம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

மறந்தாலும் பழுதானாலும் மூடுபவை: தாமதித்து மூடும் மூடி, மின்காந்தப் பிடி. மின்தடை ஏற்பட்டால் மின்காந்தக் கதவு மூடுகிறது. கருவி செயலிழக்கும்போது ஆபத்தில்லாத நிலைக்குப் போகுமாறு அமைப்பது பொறியியலில் ஒரு முக்கியமான கொள்கை ஆகும்.

ஒரு கணக்கு

கதவு ஒரு நெம்புகோல். கீல் அதன் ஆதாரப் புள்ளி. கதவைச் சுழற்றும் திறனைத் திருப்புத்திறன் என்கிறோம். அது விசையையும், கீலிலிருந்து உள்ள தொலைவையும் பெருக்கக் கிடைப்பது.

1 மீட்டர் அகலமுள்ள ஒரு கதவின் வெளி விளிம்பைத் திறந்த நிலையில் பிடித்து வைக்க 15 நியூட்டன் விசை தேவை என்று கொள்வோம். இது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையைக் கையில் பிடிப்பதற்குச் சமம். அப்போது திருப்புத்திறன் 15 நியூட்டன்-மீட்டர். அதே கதவை வேறு வேறு இடங்களில் நிறுத்தினால் நிறுத்தி தாங்க வேண்டிய விசை வருமாறு:

கீலிலிருந்து 1 மீட்டரில்: 15 நியூட்டன்
50 சென்டிமீட்டரில்: 30 நியூட்டன்
10 சென்டிமீட்டரில்: 150 நியூட்டன்
2 சென்டிமீட்டரில், அதாவது கீல் இடுக்கில்: 750 நியூட்டன்

கடைசியில் உள்ளது ஒரு மனிதரின் எடைக்குச் சமமான விசை. விளிம்பில் ஒரு விரலால் பிடிக்கக்கூடிய கதவை, இடுக்கில் செருகிய சிறு கட்டை அவ்வளவு விசையோடு எதிர்க்கிறது. அந்த விசை முழுவதும் கீலின் மீதும் திருகாணிகளின் மீதும் இறங்குகிறது. திருகாணி பிடுங்கிக்கொள்வதும், கீல் வளைவதும், பிறகு கதவு தொங்கித் தரையில் உரசுவதும் இதனால்தான்.

இதோடு காற்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஆடி மாதக் காற்று நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தகடு அடித்த கதவின் மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். 1 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்ட கதவில் இது 72 நியூட்டன். இந்த விசை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து அரை மீட்டரில் செயல்படுவதாகக் கொண்டால் 36 நியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் கூடுகிறது. காற்று மூடும் திசையில் வீசினால், விளிம்பில் உள்ள கொக்கி 15-க்குப் பதில் 51 நியூட்டனைத் தாங்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. நிறுத்தியைக் கீலிலிருந்து இயன்ற அளவு தொலைவில் வைக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில் தகட்டுக் கதவைவிடக் கம்பிவலைக் கதவு நல்லது. காற்று அதன் ஊடே போய்விடும்.

நிறுத்தி பொருத்தக் கூடாத இடங்கள்

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. குழந்தைகள் நீரை நெருங்காதபடி தடுப்பு அமைப்பதை அந்த அமைப்பு முதன்மையான வழிகளுள் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சல் எழுவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அடுப்படியில் இருப்பவருக்கோ, வாசலில் பேசிக்கொண்டிருப்பவருக்கோ எதுவும் கேட்காது. அங்கே காவலாக நிற்பது அந்தக் கதவு ஒன்றுதான்.

வீட்டு நீச்சல் குளங்கள் மிகுந்த ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நீச்சல் குளச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. அந்நாட்டுத் தரக் குறியீட்டின்படி குளத்தின் வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு குளத்திற்கு எதிர்ப்புறமாக, வெளிநோக்கித் திறக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழை விடுவிக்கும் பிடி பொதுவாகத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அக்கதவைக் கல் வைத்தோ கயிறு கட்டியோ திறந்து வைப்பது குற்றம். குளத்தைச் சுற்றி நான்கு புறமும் தனியாக வேலியிட்டால் குழந்தைகள் மூழ்கும் ஆபத்துக் குறைகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நம் பகுதிக்கும் இது பொருந்தும். செட்டிநாட்டின் பழைய பெரிய வீடுகள் சில இன்று விடுதிகளாக மாறி, அவற்றில் நீச்சல் குளங்களும் அமைந்துள்ளன. வயல்களில் பண்ணைக்குட்டைகள் வெட்டப்படுகின்றன. கொல்லையில் கிணறு உள்ள வீடுகளும் உண்டு. எனவே கீழ்க்கண்ட இடங்களில் கதவு திறந்தே நிற்கக்கூடிய எந்த நிறுத்தியையும் பொருத்தக் கூடாது:

நீச்சல் குளம்
ஊரணி, கிணறு, பண்ணைக்குட்டை ஆகியவற்றைச் சுற்றிய வேலி
மின்மாற்றி, மோட்டார் போன்றவை உள்ள அடைப்பு
தீத்தடுப்புக் கதவு (எச்சரிக்கை மணியோடு இணைந்த மின்காந்தப் பிடி மட்டும் விலக்கு)

ஊரணிக்குள் தூர்வாரும் இயந்திரம் போக வேண்டாமா, பண்ணைக்குட்டைக்கு டிராக்டர் வர வேண்டாமா என்ற கேள்வி எழும். அதற்கு விடை இரண்டு கதவுகள். ஆட்கள் போக 1 மீட்டர் அகலத்தில் தானாக மூடும் சிறிய கதவு; அதில் நிறுத்தி இல்லை. வண்டி போகப் பூட்டுப் போட்ட பெரிய கதவு. அதன் சாவி பொறுப்பாளரிடம் இருக்கும். பெரிய கதவு ஆண்டில் சில நாள்களே திறக்கப்படும், அப்போது ஆள் உடனிருப்பார். ஒரே கதவை இரு வேலைக்கும் வைத்தால்தான் கல்லும் கயிறும் வந்து சேர்கின்றன.

நிறுத்தி பொருத்தலாம் என்ற இடங்கள்

ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம்: மந்தை ஒழுங்காக உள்ளே போகக் கதவு அசையாமல் நிற்க வேண்டும். பாதி மூடி வரும் கதவு விலங்கின் விலாவில் அடிக்கும். ஒன்று மிரண்டால் மந்தையே கலையும். இங்கே தூண் பிடி சிறந்தது.

தோட்டக் கதவு: உரமூட்டை, நாற்று, விறகு கொண்டுவரும்போது கொக்கி போதும்.

வீட்டு முன்வாசல் வேலி: விசேஷ நாள்களில் கொக்கி, மற்ற நாள்களில் நிலைக்காந்தப் பிடி. வீட்டில் சிறு குழந்தை இருந்து, வாசல் நேரே சாலையில் திறந்தால், தாமதித்து மூடும் மூடி மட்டும் வைப்பது நல்லது.

பள்ளி வாசல்: பிள்ளைகள் வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் காவலர் நிற்கும்போது மட்டும் கொக்கி மாட்டலாம். அவர் நகரும்போது கொக்கியை எடுத்துவிட வேண்டும்.

கொக்கி பொருத்தும் முறை

கதவை முழுவதும் திறந்து, கீல் திணறாத நிலையில் நிறுத்தவும். பெரும்பாலான ஸ்பிரிங் கீல்களுக்கு 90 பாகையை ஒட்டிய திறப்பு ஏற்றது.

அந்த நிலையில் கதவின் வெளி விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே சுவர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் ஒரு குட்டைத் தூண் நட்டு அதில் அடையாளமிடவும். செம்புறை மண் காய்ந்தால் இறுகினாலும் மழையில் ஊறித் தளரக்கூடும். ஆகவே தூணுக்குச் சிமெண்டுக் கலவை போட்டு, அது இறுகும் வரை கதவை மாட்டாமல் விடவும்.

கொக்கியைத் தூணிலும் வளையத்தைக் கதவிலும் பொருத்தவும். மாற்றிப் பொருத்தக் கூடாது. கதவில் தொங்கும் கொக்கி, கதவு மூடும்போது நிலைக்கும் கதவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு கதவை மூடவிடாது.

கொக்கிக்கு 8 மில்லிமீட்டர் கம்பி பெரும்பாலான ஆள் கதவுகளுக்குப் போதும். வெல்டிங் பட்டறையில் வளைத்து வாங்கலாம்.

கொக்கிக்கோ வளையத்திற்கோ சிவப்பு வண்ணம் பூசவும். கதவு மாட்டப்பட்டிருப்பது தொலைவிலிருந்தே தெரியும்.

கடைசியாகக் கதவைச் சோதிக்கவும். முழுவதும் திறந்து விட வேண்டும்; பாதி திறந்து விட வேண்டும்; பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விட வேண்டும். மூன்று முறையும் கதவு மூடித் தாழ் விழ வேண்டும். மூன்றாவது சோதனையில்தான் பல கதவுகள் தோற்கும். ஒரு சாண் தொலைவில் கதவுக்குப் போதிய வேகம் கிடைப்பதில்லை. அது வந்து தாழில் முட்டி நின்றுவிடும். பார்ப்பதற்கு மூடியது போலவே இருக்கும். அப்படியானால் ஸ்பிரிங்கின் முறுக்கைக் கூட்ட வேண்டும், அல்லது தாழின் நாக்குக்கு எண்ணெய் இட வேண்டும்.

துருவும் பராமரிப்பும்

வேலிக்கதவின் பெரிய பகை துரு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். உப்பு இருந்தால் விரைவாகப் பிடிக்கும். அரிமானம் பற்றிய ஆராய்ச்சியில் காரைக்குடிக்குத் தனி இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நன்கொடையிலும் உருவாகி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்குதான் உள்ளது. உலோக அரிமானமும் அதைத் தடுக்கும் பூச்சுகளும் அதன் ஆய்வுத் துறைகளுள் அடங்கும். கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதை ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை நிலையமும் உண்டு.

துத்தநாகம் பூசிய இரும்பை வாங்குவது எளிய பாதுகாப்பு. துத்தநாகம் இரும்பைவிட விரைவாக வினைபுரியும் உலோகம். பூச்சில் கீறல் விழுந்தாலும் முதலில் துத்தநாகமே அரிக்கப்பட்டு, அருகிலுள்ள இரும்பைக் காக்கும். வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துவிடுவதால், அங்கு மட்டும் துத்தநாக வண்ணம் தனியாகப் பூச வேண்டும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்தால் போதும்:

கீலுக்கு எண்ணெயோ கிரீஸோ இடுதல்
திருகாணிகளை இறுக்குதல்
தரைக்குழாயில் உள்ள மண்ணை எடுத்தல்
ஒரு சாண் சோதனையை மீண்டும் செய்தல்
வேலியோரம் முளைத்த சீமைக் கருவேலும் புல்லும் கதவைத் தடுக்காதபடி வெட்டுதல்

நிறுத்தி உள்ள கதவை நாள்கணக்கில் திறந்தே வைக்கக் கூடாது. முறுக்கிய நிலையிலேயே நெடுநாள் இருந்தால் சில ஸ்பிரிங்குகள் விறைப்பை இழக்கும். பிறகு கொக்கியை எடுத்தாலும் கதவு முழுவதும் மூடாது.

மாணவர்கள் செய்து பார்க்க

பள்ளி ஆய்வகத்தில் உள்ள வில் தராசு ஒன்று, அளவு நாடா ஒன்று, டோர் குளோசர் உள்ள கதவு ஒன்று போதும். கதவை 90 பாகைக்குத் திறந்து, கீலிலிருந்து 80, 60, 40, 20 சென்டிமீட்டர் தொலைவுகளில் வில் தராசை மாட்டி, கதவு மூடாமல் பிடித்திருக்கத் தேவையான விசையை அளக்கவும். தராசைக் கதவின் பரப்புக்குச் செங்குத்தாகவே இழுக்க வேண்டும். ஒவ்வொரு தொலைவையும் அதற்குரிய விசையால் பெருக்கினால் விடை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். கீல் இடுக்கில் மட்டும் அளக்க முயல வேண்டாம், விரல் நசுங்கும்.

பெயர்கள்

வேலிக்கதவுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. மூங்கிலாலோ முள்ளாலோ ஓலையாலோ கட்டிய கதவைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் படல் என்பர். யாழ்ப்பாணத்தில் வீட்டு வேலியின் கதவு படலை எனப்படுகிறது. அதன்மேல் கூரை வேய்ந்து, வழிப்போக்கர் இளைப்பாற இடமும் அமைத்தால் அது சங்கடப்படலை. இன்று பேச்சில் எங்கும் 'கேட்' என்பதே வழக்கு.